மாங்காயும் மாங்ஙயும்: எல்லையில் ஒரு வாய்க்கணக்கு

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை சந்தையில் நான் வழக்கமாகக் காய் வாங்கும் கடைக்காரருக்குத் தமிழும் மலையாளமும் தண்ணீர் பட்ட பாடு. போன வாரம் தராசில் இருந்ததை என் பையில் கொட்டிக்கொண்டே, "மாங்காய் நல்ல புளிப்பு அண்ணாச்சி, மீன் கறிக்கு ஆகும்" என்றார். பக்கத்தில் பாறசாலையிலிருந்து வந்த ஒரு சேச்சி அதே குவியலைக் காட்டி விலை கேட்டார். அந்தப் பக்கம் திரும்பியவர், "மாங்ஙயோ? நல்ல புளியுண்டு சேச்சி" என்றார். இரண்டு பேச்சுக்கும் நடுவில் பத்து நொடிகூட இராது. அதே வாய், அதே நாக்கு, அதே மாங்காய். ஆனால் நடுவில் இருந்த 'க்' எங்கே போனது?

எங்கள் ஊரில் இதற்கு ஆயத்தமாக ஒரு பதில் உண்டு: "அவங்க மூக்கால பேசுவாங்க." கேலியாகச் சொல்வதுதான் என்றாலும், பாதி சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள வாய்க்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் வைத்து அப்படியே பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனால், முதலில் கெட்டியான கூரை தட்டுப்படும். அதைத் தாண்டியதும் மெத்தென்று ஓர் இடம் வரும். அதுதான் மெல்லண்ணம். அதன் கடைசியில் தொங்குவது உள்நாக்கு. சும்மா மூச்சு விடும்போது மெல்லண்ணம் கீழே தொங்கிக்கொண்டிருக்கும், காற்று மூக்கு வழியாகப் போய்வரும். பேச ஆரம்பித்தால் அது மேலெழுந்து மூக்குக்குப் போகும் வழியைக் கதவு போல அடைக்கும். ங, ஞ, ண, ந, ம, ன வரும்போது மட்டும் கதவு திறக்கும்.

இப்போது 'மாங்காய்' சொல்லிப் பாருங்கள், மெதுவாக. 'ங்' வரும்போது நாக்கின் பின்பகுதி மேலே போய் மெல்லண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்து வரும் 'க்'குக்கும் நாக்கு இருக்க வேண்டிய இடம் அதேதான். ஆக, ங்-இலிருந்து க்-குக்குப் போக நாக்குக்கு வேலையே இல்லை. மூக்குக் கதவு மட்டும் மூட வேண்டும். மூடினால் வாய்க்குள் காற்று முட்டும். நாக்கை விட்டதும் அது 'க்' என்று தெறித்து வெளிவரும். கதவு மூடத் தாமதமானால்? நாக்கு விலகும் நேரத்திலும் காற்று மூக்கு வழியாகவே போய்க்கொண்டிருக்கும். முட்டவும் இல்லை, தெறிக்கவும் இல்லை. காதில் விழுவது 'மாங்ங'. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கதவு மூடுவதில் வரும் வித்தியாசம்தான் அந்தக் கடைக்காரர் என்னிடமும் அந்தச் சேச்சியிடமும் காட்டியது.

நம்பிக்கை இல்லையென்றால் மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு 'மாங்ங' சொல்லிப் பாருங்கள். சொல் தொண்டையிலேயே அடைத்துக்கொண்டு நிற்கும்.

இதே கதைதான் 'வந்து' மலையாளத்தில் 'வந்நு' ஆனதும், 'கஞ்சி' 'கஞ்ஞி' ஆனதும். ஆனால் இங்கேதான் அந்த "மூக்கால பேசுவாங்க" கேலி காலை வாருகிறது. மூக்குக் கதவு சோம்பலாக மூடுவதுதான் காரணம் என்றால் 'வண்டி' 'வண்ணி' ஆகியிருக்க வேண்டும், 'கொம்பு' 'கொம்மு' ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. மலையாளத்திலும் வண்டி வண்டிதான், கொம்பு கொம்புதான். தசையின் மேல் பழி போட முடியாது. எந்த இடத்தில் கதவைத் தாமதமாக மூடலாம், எந்த இடத்தில் சரியான நேரத்துக்கு மூடியாக வேண்டும் என்று மொழி தானே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பிள்ளைகள் அதை அம்மா வாயைப் பார்த்தே பிடித்துக்கொள்கிறார்கள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கணக்கு செக்போஸ்டில் மாறுவது கிடையாது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்று நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகி இந்தப் பக்கம் வந்தன. கோடு போட்டவர்கள் வாய்க்குள் போடவில்லை. தமிழைத் தவிர வேறு எழுத்தே தெரியாத எங்கள் பாட்டி கடைசி வரைக்கும் 'தேங்ங' என்றுதான் சொன்னாள்.

சரி, மூக்குக் கதவு மேல்மாடி. கீழே இருந்து வருவோம். தொல்காப்பியத்தின் பிறப்பியல் அப்படித்தான் தொடங்குகிறது. உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் இவற்றோடு சேர்ந்து எழுத்தாகிறது என்று எட்டு இடங்களை அடுக்குகிறது. கருவி எதுவும் இல்லாத காலத்தில், தன் வாயையே ஆய்வுக்கூடமாக வைத்துக்கொண்டு கண்டுபிடித்த கணக்கு. இன்றைய பாடப்புத்தகத்திலும் அடுக்கு கிட்டத்தட்ட இதே வரிசைதான்: நுரையீரல், குரல்வளை, வாயும் மூக்கும்.

நுரையீரலின் பங்கைப் பெரிதாக நினைத்துக்கொள்கிறோம். நிஜத்தில் சாதாரணப் பேச்சுக்குத் தேவைப்படும் அழுத்தம் ரொம்பக் கொஞ்சம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விரல் நீளத்துக்கு முக்கி, குமிழி வர ஊதுவதற்கு எவ்வளவு பலம் வேண்டுமோ அவ்வளவுதான். அளந்து சொன்னால் 5 முதல் 10 சென்டிமீட்டர் தண்ணீர். கஷ்டம் பலத்தில் இல்லை, பங்கீட்டில் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சு ஒரு சுற்றில் சுமார் 40 சதவீத நேரம் உள்ளே போகிறது, 60 சதவீத நேரம் வெளியே வருகிறது. பேசும்போது லபக்கென்று ஒரு வாய் இழுத்து, மீதி 90 சதவீத நேரமும் சிறுகச் சிறுக வெளியே விடுகிறோம். கோயில் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டுப் பாடுகிறவரைக் கவனித்தால் இது கண்ணுக்கே தெரியும். கூட இருப்பவர் "ஆமா" போடும் அந்தக் கண நேரத்தில் அவர் அடுத்த ஐந்து வரிக்கான காற்றை உள்ளே இழுத்துவிடுவார்.

அடுத்து குரல்வளை. கழுத்தில் கை வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று இழுங்கள், ஒன்றும் தெரியாது. 'ம்ம்ம்' என்று இழுங்கள்; விரலில் குறுகுறுவென்று அதிர்வு ஏறும். உள்ளே முன்னும் பின்னுமாக நீட்டி வைத்த இரண்டு சதை மடிப்புகள் ஒன்றோடொன்று மோதுவதுதான் அது. பேச்சுக்காக அவை வந்தவை அல்ல. சோறும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் தடுக்கும் காவல்தான் அவற்றின் பழைய வேலை. சாப்பிடும்போது அந்தக் காவல் ஒரு நொடி தவறினால் புரை ஏறும். யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று வீட்டில் தலையைத் தட்டுவார்கள்.

இந்த மடிப்புகள் வேலை செய்வதை உயிருள்ள மனிதரிடம் முதலில் தெளிவாகப் பார்த்து எழுதியவர் ஒரு மருத்துவர் இல்லை, பாட்டு வாத்தியார். மானுவேல் கார்சியா என்ற ஸ்பானியர், 1854-இல், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடி ஒன்றைத் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் வெயிலை உள்ளே பாய்ச்சி, தன் குரலைத் தானே பார்த்தார். எப்படி அதிர்கிறது என்பதில் மட்டும் ரொம்ப நாள் சண்டை ஓடியது. ஒவ்வோர் அதிர்வுக்கும் மூளையிலிருந்து ஒரு தனி ஆணை வருகிறது என்று 1950-இல் பிரான்சில் ராவுல் உசோன் ஒரு கொள்கையே கொண்டுவந்தார். நொடிக்கு நூற்றுக்கணக்கான ஆணைகளை நரம்பால் அனுப்பி, தசையும் அதற்கு ஈடுகொடுத்து ஆட வேண்டும், நடக்கிற காரியமா? நெதர்லாந்தின் வான் டென் பெர்க் 1958-இல் விளக்கியதுதான் இன்று, சில திருத்தங்களோடு, நிலைத்திருக்கிறது. மூளை மடிப்புகளைச் சேர்த்து வைத்தால் போதும். கீழே காற்று முட்டி அவற்றைப் பிளக்கும். பிளவில் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறையும். அந்தக் குறைவும் சதையின் சொந்த இழுவிசையும் சேர்ந்து மறுபடி மூட வைக்கும். கொடியில் காயும் வேட்டியை யாரும் ஆட்டுவதில்லை, காற்றில் தானே படபடக்கிறது. அந்த மாதிரி.

சுருதியை ஏற்றி இறக்குவதற்கு வில்லுப்பாட்டு மேடையிலேயே உதாரணம் இருக்கிறது: உடுக்கை. இடுப்புக் கயிற்றை விரலால் இறுக்கினால் தோல் விறைத்து ஒலி மேலே போகும், தளர்த்தினால் இறங்கும். கேரளக் கோயில்களின் இடைக்காவும் அப்படித்தான் பாட்டே வாசிக்கும். குரல்வளையில் கயிறுக்குப் பதில் ஒரு சின்னத் தசை. அது குருத்தெலும்பைச் சாய்த்து மடிப்பை நீட்டி இழுக்கும். ஆண்களுக்கு மடிப்பு நீளம், கனம். நொடிக்கு 100 முதல் 125 தடவை மோதும். பெண்களுக்கு 200-ஐ ஒட்டி. குழந்தைகளுக்கு இன்னும் மேலே.

இந்த இருநூறு என்ற எண்ணை நான் வேறு விதமாகத் தெரிந்துகொண்டேன். என் மைனி, அதாவது அண்ணன் மனைவி, பள்ளிக்கூட டீச்சர். மூன்றாம் வகுப்பு; நாற்பது பிள்ளைகள்; வாசல் பக்கம் ரோடு. சில வருடம் முன்னால் அவருக்குத் தொண்டை கட்டியது, பிறகு கட்டியபடியே இருந்தது. சுக்குக் காபி, பனங்கற்கண்டு, மிளகு எல்லாம் ஆனது. ஒரு நாள் போனில், "தம்பி, வாயத் தொறந்தா வெறும் காற்றுதான் வருது பாத்துக்க" என்றார். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, இரண்டு மடிப்பிலும் நேருக்கு நேராகச் சின்ன முண்டு இருக்கிறது என்றார். காலில் செருப்பு கடித்துக் காய் காய்ப்பது மாதிரி. மடிப்புகள் அதிகம் மோதும் இடத்தில், அதிரும் பகுதியின் நடுவாக்கில்தான் அது வரும். முண்டு இடையில் நிற்பதால் மடிப்பு முழுசாக மூடாது. மூடாத சந்து வழியாகக் காற்று கசியும். குரல் கரகரத்துப் போகும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பள்ளி நாளில் அவர் குரல் உண்மையிலேயே அதிரும் நேரம் வெறும் இரண்டு மணி என்று வைத்துக்கொண்டாலும், 7,200 நொடி. நொடிக்கு 200 மோதல். 14 லட்சத்து 40 ஆயிரம். ஒரு நாளைக்கு. கத்தும்போது ஒவ்வொரு மோதலும் பலமாக விழும் என்பது தனி. இத்தனைக்கும் நம்மில் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அதற்குக் காரணம் மடிப்பின் மேல்தோலுக்கு அடியில் இருக்கும் கூழ் போன்ற அடுக்கு. உள்ளே தசை அதன் பாட்டுக்கு நிற்க, மேலே இந்த அடுக்கு அலை அலையாக நழுவிக் கொடுக்கிறது. டீச்சர்களையும் பாடகர்களையும் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று சொல்வது அந்த வழுவழுப்புக்காகத்தான்.

மைனிக்கு அறுவை எதுவும் தேவைப்படவில்லை. திருவனந்தபுரம் ஆக்குளத்தில் 1997-இல் தொடங்கிய பேச்சு, கேள்வித் திறன் நிறுவனம் ஒன்று இருக்கிறது. நிஷ் என்று சொல்வார்கள். அதற்கும் முன்னோடி மைசூரில் 1965-இல் வந்தது. அங்கெல்லாம் படித்து வந்தவர்கள் இப்போது நம் பக்கத்து ஊர்களிலும் பயிற்சி கொடுக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் போய் மூச்சை எப்படி விடுவது, குரலை எப்படி இளக்குவது என்று சின்னப் பிள்ளை மாதிரி கற்றுக்கொண்டார். நாங்களோ அதற்கு முன்பே ஒரு தப்பைச் செய்துவிட்டிருந்தோம். பேசாதே, கிசுகிசுத்தால் போதும் என்று வீட்டில் அவரை இரண்டு வாரம் கிசுகிசுக்க வைத்திருந்தோம். இறுக்கிக் கிசுகிசுப்பதும் குரல்வளைக்குச் சிரமம்தான், மெதுவாகப் பேசுவதே மேல் என்று பயிற்சியாளர் சொன்னார்.

ஆனால் அந்த இரண்டு வாரம் எனக்கு ஒலியியலின் பாதியைச் சொல்லிக்கொடுத்தது. கிசுகிசுக்கும்போது மடிப்பு அதிர்வதில்லை. அப்படியும் அவர் சொன்ன ஆ-வும் ஈ-யும் ஊ-வும் எங்களுக்குத் தெளிவாகப் புரிந்தன. உப்பு கேட்டால் உப்பு, அப்பம் கேட்டால் அப்பம். போனது சுருதி மட்டும். கேள்வி கேட்கிறாரா, கோபப்படுகிறாரா என்றுதான் தெரியவில்லை. அண்ணன் பாடு அதனால் கொஞ்சம் திண்டாட்டம்தான். குரல் பிறக்கும் இடம் வேறு, அது எந்த உயிரெழுத்து என்று முடிவாகும் இடம் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். முன்னது குரல்வளையில், பின்னது வாயில்.

மறுபடி வில்லுப்பாட்டு. வில்லின் கயிற்றை வீசுகோலால் தட்டினால் ஒலி பிறக்கிறது. ஆனால் வில்லோடு சேர்த்துக் கட்டிய குடம் இல்லையென்றால் அந்த ஓசைக்குக் கனம் வராது. குடத்துக்குள் இருக்கும் காற்றுக்கென்று ஒரு சொந்தச் சுருதி உண்டு. வரும் ஒலியில் அதற்கு இணங்கியதை அது எடுத்துப் பெருக்கும், மற்றதைத் தணிக்கும். வாயும் அப்படிப்பட்ட ஒரு குடம்தான். ஒரே வித்தியாசம், இது நொடிக்கு நொடி வடிவம் மாறும் குடம். நாதஸ்வரத்தோடு இதை ஒப்பிடுகிறவர்கள் உண்டு, நானும் ஒரு காலத்தில் ஒப்பிட்டேன். அது முழுக்கப் பொருந்தாது. நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி எந்தச் சுருதியில் ஒலிக்க வேண்டும் என்பதைக் குழலும் அதன் துளைகளும் பிடித்து நிறுத்துகின்றன. நம் தொண்டையில் சீவாளி தன்போக்கில் அதிரும். குழல் அதன் நிறத்தை மட்டும் மாற்றும்.

எவ்வளவு மாற்றும் என்பதைக் காகிதத்திலேயே கணக்கிட்டுவிடலாம். வளர்ந்த ஆணின் குரல்வளையிலிருந்து உதடு வரை சுமார் பதினேழரை சென்டிமீட்டர். ஒரு முனை மூடி, ஒரு முனை திறந்த நேர்க்குழாய் என்று வைத்துக்கொண்டால், அதில் பொருந்தும் முதல் அலையின் நீளம் நான்கு மடங்கு, 70 சென்டிமீட்டர். வாய்க்குள் இருக்கும் சூடான ஈரக்காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 350 மீட்டர். வகுத்தால் 500 ஹெர்ட்ஸ். அடுத்தவை அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு: 1500, 2500. இந்த உச்சங்களை ஃபார்மன்ட் என்கிறார்கள். நாக்கு மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் சும்மா கிடக்க வரும் ஒலி, 'அது' என்பதை அவசரமாகச் சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் தேயும் அந்த ஒலி, இந்த எண்களுக்குக் கிட்டத்தில் இருக்கும். நாக்கை அழுத்தி வாயைத் திறந்து 'ஆ' என்றால் முதல் உச்சம் 700-ஐத் தொடும், இரண்டாவது 1100 பக்கம் இறங்கும். நாக்கை முன்னால் தூக்கி 'ஈ' என்றால் முதலாவது 300-க்கு இறங்கி, இரண்டாவது 2200-க்குத் தாவும். உதட்டைக் குவித்து 'ஊ' என்றால் இரண்டுமே தாழும். ஜப்பானில் சிபாவும் கஜியாமாவும் 1941-இலேயே இதை அளந்து எழுதினார்கள். ஸ்வீடனின் குன்னர் ஃபான்ட் 1960-இல் முழுக் கொள்கையாகக் கட்டினார். இன்று போனில் பேசும் செயற்கைக் குரல்கள் எவ்வளவோ மாறிவிட்டாலும், நெடுங்காலம் அந்தத் துறை நின்றது இந்த அஸ்திவாரத்தின் மேல்தான்.

உயிரெழுத்தில் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெரிய சண்டை இல்லை. மெய்யெழுத்தில்தான், அதுவும் நாக்கு நுனியில்தான், கதை இருக்கிறது.

பத்து, பற்று, பட்டு. இந்த மூன்றையும் உங்கள் வாயால் சொல்லிப் பாருங்கள். சென்னைக்காரர் என்றால் நடுவில் உள்ளதைப் 'பத்து' என்பீர்கள், இல்லையென்றால் புத்தகத்தனமாகப் 'பற்ற்ரு' என்று ஒரு ர-வைச் சேர்ப்பீர்கள். விளவங்கோட்டிலும் திருவனந்தபுரத்திலும் மூன்றும் மூன்று இடம். முதலாவதில் நாக்கு நுனி பல்லைத் தொடும். இரண்டாவதில் பல்லுக்கு மேலே இருக்கும் ஈறு மேட்டை. மூன்றாவதில் நாக்கு மடங்கி இன்னும் பின்னே அண்ணத்தை. முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு சோற்றுப்பருக்கை அகலம் இருந்தால் அதிகம். மைனி போனில் சொன்னதை 'காத்து' என்று எழுதாமல் 'காற்று' என்றே எழுதினேன் அல்லவா, அவர் வாயில் அது அப்படித்தான் வந்தது, ர் இல்லாத காற்று.

மூக்கொலியிலும் இதே துல்லியம். கம்மி, பந்நி, கன்னி, கண்ணி, கஞ்ஞி, மாங்ங என்று ஆறு இடத்தில் ஆறு மூக்கொலியை மலையாளி பிரித்துச் சொல்லுவார், பிரித்தும் கேட்பார். உலக மொழிகளின் ஒலிகளைத் தொகுக்கிறவர்கள் மலையாளத்தை மறக்காமல் எடுத்துக்காட்டுவது இதற்காகத்தான். இதில் ஒரு வேடிக்கை. தமிழில் ந, ன என்று இரண்டு எழுத்து வைத்திருக்கிறோம். இன்று பெரும்பாலான தமிழர் வாயில் இரண்டும் ஒன்றுதான், த பக்கத்தில் வந்தால் மட்டும் அதன் தயவில் பல்லைத் தொடும். மலையாளத்திலோ இரண்டு ஒலியும் உயிரோடு இருக்கின்றன, எழுதுவதற்கு ஒரே எழுத்து. எழுத்து எங்களிடம், ஒலி அவர்களிடம்.

ழ-வுக்கு வருவோம், வராமல் விட்டால் யாரும் மன்னிக்க மாட்டார்கள். தமிழுக்கு மட்டுமே உள்ள ஒலி என்று மேடையில் சொல்லும்போது கை தட்டுவார்கள். களியக்காவிளையிலிருந்து ஒரு பஸ் ஏறி இஞ்சிவிளை தாண்டினால் அந்தப் பெருமை நிற்காது. ஏழு, கோழி, மழ என்று அவர்கள் வாயில் நம்மில் பலரைவிட நன்றாகவே உருளும். தொல்காப்பியம் ழ-வைச் சொல்லும்போது நுனிநாக்கு மேலெழுந்து அண்ணத்தை 'வருடும்' என்கிறது. ட-வுக்குப் போல ஒட்டி நிற்பதாகச் சொல்லவில்லை. 1999-இல் ஸ்ரீகாந்த் நாராயணன் குழுவினர் தமிழின் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் எம்.ஆர்.ஐ. படமெடுத்தும், நாக்கில் சின்ன உணரிகளை ஒட்டி அதன் ஓட்டத்தைப் பின்தொடர்ந்தும் ஆராய்ந்தார்கள். ழ-வில் நாக்கு பின்வாங்கி மேலெழுந்து, அண்ணத்துக்கு அருகே போய், ஒட்டாமல் நிற்பதைப் படத்திலேயே பார்க்கலாம். நுனிக்கு அடியில் ஒரு குகை உண்டாகிறது. அதனால் மூன்றாவது ஃபார்மன்ட் வழக்கமான இடத்தைவிட்டுக் கீழே இறங்கி இரண்டாவதை நெருங்கும். காதுக்கு அந்த 'உருட்டல்' தெரிவது இதனால்தான்.

எதையும் தொடாமல் நாக்கை அந்தரத்தில் நிறுத்துவது சிரமம். எங்கே பிடிமானம் கிடைக்கிறதோ அங்கே நாக்கு போய் உட்காரப் பார்க்கும். மதுரைப் பக்கம் ஓரம் விட்டு ஒட்டி ள ஆனது. கன்னடத்திலும் அப்படியே. வடக்கே ஆந்திர எல்லைக்குப் போனால் இன்னும் ஒரு படி, ஒட்டியே விட்டது. ஏழு தெலுங்கில் 'ஏடு', கோழி 'கோடி'. திருத்தணிக்கு மாற்றலாகிப் போன என் நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பக்கத்து நகரிக்குப் போயிருக்கிறார். கறிக்கடைக்காரர் கூண்டைக் காட்டி "கோடி" என்றாராம். இவர் விலையைச் சொல்வதாக நினைத்துச் சிரித்திருக்கிறார். தமிழில் நூறு லட்சத்துக்கு நாம் எழுப்பும் ஒலி அட்சரசுத்தமாகத் தெலுங்கில் ஒரு கோழி. அவர்களுடைய நூறு லட்சத்தில் நடுவில் வருவது அதிராத ட.

அந்த அதிர்வு வித்தியாசத்தையும் மூச்சு வித்தியாசத்தையும் எழுத்தில் காட்டத் தெலுங்குக்கும் மலையாளத்துக்கும் நாலு நாலு எழுத்து இருக்க, தமிழ் ஒரே ட-வை வைத்துச் சமாளிக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. குறை என்றும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, காரணம் காற்றில் இருக்கிறது. குரல் மடிப்பு அதிர வேண்டுமென்றால் கீழிருந்து மேலே காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வாயை அடைத்துவிட்டால் மேலே அழுத்தம் ஏறும்; கீழும் மேலும் சமமானதும் ஓட்டம் நிற்கும், அதிர்வும் அணைந்துவிடும். அடைப்பு சின்னதாக இருந்தால் அணைவதற்கு முன்பே வாய் திறந்துவிடும்; நீண்டதாக இருந்தால் அணைந்தே தீரும். 'பாடு' சொல்லும்போது ட் கண நேரம்தான், அதனால் அதிர்வோடு வருகிறது. 'பாட்டு' சொல்லும்போது இரட்டை நேரம் அடைக்கிறோம், அதிர்வு செத்துவிடுகிறது. அகம், அக்கம், விதை, வித்தை, எல்லாம் இதே கதை. உடம்பே செய்துகொள்ளும் மாற்றத்துக்குத் தமிழ் தனி எழுத்து ஒதுக்கவில்லை. கடன் சொற்கள் வந்து சொல் முதலிலேயே அதிரும் ஒலிகளைக் கொண்டுவந்து போட்ட பிறகுதான் சிக்கல். 'பலம்' என்று எழுதியிருப்பதை வாசிக்கும் பிள்ளை தயங்குவது அங்கேதான்.

அமெரிக்காவில் லிஸ்கரும் ஆபிராம்சனும் 1964-இல் பதினொரு மொழிகளில் சொல் முதல் வல்லெழுத்துகளை எடுத்து, வாய் திறப்பதற்கும் மடிப்பு அதிரத் தொடங்குவதற்கும் இடையில் எத்தனை மில்லிநொடி என்று அளந்தார்கள். அந்தப் பதினொன்றில் தமிழும் ஒன்று. அதிர்வு முன்கூட்டியே தொடங்கினால் ஒரு வகை. வாய் திறந்ததும் தொடங்கினால் ஒரு வகை. ரொம்பத் தாமதித்து நடுவில் மூச்சு பீறிட்டால் இன்னொரு வகை. மூக்குக் கதவைப் போல இங்கேயும் நேரம்தான் எழுத்தைத் தீர்மானிக்கிறது.

நாக்கு மடிப்பதைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. தமிழ்ச் சொல் எதுவும் ட, ண, ள, ழ-வில் தொடங்காது என்று இலக்கணத்தில் படித்திருப்போம். மனப்பாடம் செய்துவிட்டு மறந்தும் இருப்போம். நாக்கு மடங்கும் ஒலிகளை நம் காது அடையாளம் காண்பது பெரும்பாலும் அவற்றுக்கு முன்னால் வரும் உயிரெழுத்தை வைத்துத்தான். 'கண்' சொல்லும்போது அ முடிவதற்குள்ளேயே நாக்கு மடங்கத் தொடங்கி, அந்த அ-வின் கடைசியை நிறம் மாற்றிவிடுகிறது. ஒட்டிய பிறகு அது முன்னோக்கித் தெறித்து விடுபடுவதால், விடுபடும் நேரத்தில் ண-வும் ன-வும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேட்கும். சொல் முதலில் வைத்தால் முன்னால் உயிரெழுத்து இல்லை, பிரித்துக் கேட்கப் பிடி இல்லை. இலக்கணம் இதைக் காரணமாக எழுதி வைக்கவில்லை. ஆனால் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

இந்த வாரம் சந்தைக்குப் போனபோது கடைக்காரருக்கு நல்ல ஜலதோஷம். மூக்கு இரண்டும் அடைத்துத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். மெல்லண்ணம் கதவைத் திறந்துதான் விட்டது, ஆனால் தெருவாசல் பூட்டியிருந்தது. என்னைப் பார்த்து, "பாக்காய் வேடுபா அட்டாச்சி" என்றார். வழக்கமாக வரும் பாறசாலை சேச்சியும் நின்றிருந்தார். அவர் பக்கம் திரும்பி "பாக்க" என்று ஏதோ தொடங்கியவர், முடியாமல், காயை எடுத்துக் கையில் காட்டிவிட்டார்.